முதுமை தாங்கும் தேயிலையும் தாங்காத தேயிலையும்

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மாகாணத்தின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் தேயிலைக்கு, இலங்கையின் வேறு தேயிலை மாவட்டங்கள் எளிதில் தராத ஒரு குளிர்ந்த நறுமணம் உண்டு. அதே தேயிலையை மூடி சரியாகப் பொருந்தாத ஒரு தகரப் பேணியில் இட்டு, ஐப்பசி, கார்த்திகை மழை கழியும்வரை அடுக்களையில் வைத்திருந்தால், தை மாதத்தில் இறங்கும் சாயத்தில் நிறம் அவ்வளவாகக் குறைந்திருக்காது; ஆனால் நாக்கைச் சுருக்கென்று தொடும் உறைப்பும் மணமும் போய், தேத்தண்ணி சப்பென்று ஆகியிருக்கும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செய்யப்படும் பூ-அர் தேயிலையின் கதையோ இதற்கு நேர்மாறானது. வட்டுகளாக அழுத்தப்பட்டு, வெறும் காகிதத்தில் சுற்றப்பட்டு, காற்று புகும் அறைகளில் 20, 30 ஆண்டுகள் கிடந்த பின்னரே அது தன் உச்சச் சுவையை அடைவதாக அதை விரும்புவோர் கூறுகின்றனர்; ஆண்டு ஏற ஏற விலையும் ஏறுகிறது.

இவ்விரண்டும் வெவ்வேறு தாவரங்களிலிருந்து வருபவை அல்ல. இரண்டும் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே இனத்தின் இலைகள். அதிலும் யுன்னானின் பெரிய இலை வகையும், ஊவாத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலாக நடப்பட்ட அசாம் வழிக் கலப்புகளும் நெருங்கிய உறவுடையவை. ஆகவே ஒன்று ஆண்டுகளால் வளம்பெறுவதற்கும் மற்றொன்று மாதங்களில் நலிவதற்குமான காரணத்தைச் செடியில் தேடுவதில் பயன் அதிகம் இல்லை. இலை தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது அதனுள் எந்த வேலை முடிந்துவிட்டது, எந்த வேலை மிச்சமிருக்கிறது, அந்த மிச்ச வேலைக்கு வேண்டிய நீரைச் சேமிப்பறையின் காற்று எவ்வளவு கொடுக்கிறது என்ற கேள்விகளே விடைக்கு இட்டுச்செல்கின்றன.

பறித்த கொழுந்தின் உலர் எடையில் கால்பங்கு அளவுக்குப் பொலிபீனோல்கள் இருக்கின்றன. துவர்ப்பையும் கசப்பையும் தரும் இப்பெருங்குடும்பத்தில் முதன்மையானவை கேட்டெகின்கள் என்ற நிறமற்ற சேர்மங்கள். உயிருள்ள இலையில் இவை கலத்தின் நடுவே நீர் நிரம்பிய பையாக அமைந்த புன்வெற்றிடத்துக்குள் அடைபட்டிருக்க, இவற்றை ஒட்சியேற்றக்கூடிய நொதியம், அதாவது உயிரினங்கள் தாமே செய்துகொள்ளும் வினையூக்கி, அதே கலத்தின் வேறொரு பகுதியில் இருக்கிறது. வாட்டிய கொழுந்து உருட்டு இயந்திரத்தில் நசுங்கும்போதுதான் தடுப்புகள் கிழிந்து, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. (தோட்டத் தொழிற்சாலைகளில் ரோதை முனி என்ற தெய்வத்துக்குப் பூசை வைத்துவிட்டு இயந்திரத்தைத் தொடும் வழக்கம் மலையகத்தில் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது, தேயிலையின் சுவை பெரும்பாலும் தீர்மானிக்கப்படும் இடம் அதுவே என்பதால், முனி சரியான இடத்திலேயே குடியிருக்கிறார் எனலாம்.) இச்சந்திப்பில் கேட்டெகின்கள் இரண்டிரண்டாக இணைந்து தியாஃபிளேவின்களாகவும், மேலும் சிக்கலாகப் பிணைந்து தியாரூபிஜின்களாகவும் மாறுகின்றன. முன்னவை பொன்னிறமும் பளபளப்பும் உறைப்பும் தருபவை, நல்ல தேயிலையிலும் உலர் எடையில் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுபவை. பின்னவை செம்பழுப்பு நிறத்தையும் சாயத்தின் கனத்தையும் தருபவை, அளவில் பன்மடங்கு கூடியவை. தொழிற்சாலைப் பேச்சில் இக்கட்டம் நொதிக்கவைத்தல் எனப்பட்டாலும், இதில் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. எல்லாம் இலையின் சொந்த நொதியம் செய்வதே.

ஊவாவின் தனித்தன்மை இதற்கும் முன்பே, மலைச்சரிவில் தொடங்குகிறது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது ஈரமற்ற கச்சான் காற்றாக ஊவாவுக்குள் நுழைகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்று அடிக்கும் நாட்களில் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து விளைச்சல் குறைகிறது. ஆனால் அந்த நெருக்கடியில் இலை சேர்க்கும் மணப்பொருள்கள் மிகுகின்றன. 1960களின் பிற்பகுதியில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தைச் சேர்ந்த ஆர். எல். விக்கிரமசிங்க, யப்பானிய மண வேதியியலாளர் தெயி யமனிஷி ஆகியோர் இம்மணத்தை வாயு நிறப்பகுப்பு என்ற முறையால் பிரித்தாராய்ந்தனர். ஆவியாகும் கலவையை நீண்ட மெல்லிய குழாயினூடாகச் செலுத்தி, ஒவ்வொரு சேர்மமும் வெளிவரும் நேரத்தைக் கொண்டு அதை இனங்காணும் முறை அது. பூவாசம் தரும் லினலூலும், உடல்வலித் தைலங்களில் சேர்க்கப்படும் மெதைல் சலிசிலேற்றும் ஊவாத் தேயிலையின் மணத்தில் முக்கிய பங்கு வகிக்கின்றன. ஒரு கிலோ தேயிலையில் இத்தகைய மணப்பொருள்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிராமைத் தொடுவதில்லை. இந்தச் சிற்றளவுதான் ஊவாத் தேயிலையின் விலையைத் தூக்கிநிறுத்துகிறது, முதலில் பறிபோவதும் இதுதான்.

ஒட்சியேற்றம் உரிய நிலையை எட்டியதும், சூடான காற்று வீசும் உலர்த்தியில் இலை சுமார் 20 நிமிடங்கள் பயணம் செய்து, ஏறத்தாழ மூன்று சதவீத ஈரத்தோடு வெளிவருகிறது. வெப்பம் நொதியத்தின் பெரும்பகுதியை அழிக்கிறது, முழுவதையும் அல்ல. குறிப்பாகப் பெரொட்சிடேசு என்ற வகை பிடிவாதமானது, உலர்ந்த தூளிலும் அதன் எச்சம் காணப்படுகிறது. ஆகையால் தேயிலையைக் காப்பது நொதியத்தின் அழிவு மட்டுமன்று, நீரின் இன்மையும்தான். மூன்று சதவீத ஈரம் என்பது இலையின் மேற்பரப்பில் இறுகப் பற்றிக்கொண்ட நீர். அது எதையும் கரைக்காது, எதையும் இடம்பெயர விடாது. ஈரம் ஏறும்போது கூடுதலாகச் சேரும் நீர் தளர்வாக இருக்கிறது; அதில் சேர்மங்கள் கரைந்து நகர்ந்து, நொதியத்தின் எச்சத்தையும் ஒட்சிசனையும் அடைகின்றன.

மழைநாளில் பொரித்துவைத்த அப்பளம் நமத்துப்போவதைப் போலவே உலர்ந்த தேயிலையும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பங்கிட்டு, ஒரு சமநிலைக்கு வந்து நிற்கிறது. அந்தச் சமநிலையைத் தீர்மானிப்பது சாரீரப்பதன். காற்று குறிப்பிட்ட வெப்பநிலையில் தாங்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை சதவீதத்தை அது உண்மையில் கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு இது. எனவே திறந்துவைத்த தேயிலையின் ஈரத்தை வைத்திருப்பவர் தீர்மானிப்பதில்லை, ஊர்க்காற்று தீர்மானிக்கிறது. தூளின் பருமனும் இதில் சேரும்: பெரிய இலைத் தரங்களைவிட டஸ்ட் எனப்படும் நுண்தூளின் மேற்பரப்பு மிகக் கூடுதலாகையால், அது ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்கிறது. மலையகத்தின் பெரும்பாலான வீடுகளில் புழங்குவது இந்த நுண்தூளே. அதுவும் அடுப்படியில், கொதிக்கும் தண்ணீரின் ஆவிக்குப் பக்கத்தில்.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன என்பது தனியாகச் சொல்லத்தக்கது. ஒரே தொகுதித் தேயிலையைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஈரப்பதன் கொண்ட மூடிய சாடியில் வைப்பதே சோதனையின் அடிப்படை. சாடிக்குள் ஈரப்பதனை நிலையாக வைக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கறியுப்பைக் கரையாமல் அடியில் தங்கும் அளவுக்கு நீரில் சேர்த்து அந்தக் கரைசலைச் சாடியின் அடியில் வைத்தால், அதற்கு மேலுள்ள காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நின்றுவிடும். மக்னீசியம் குளோரைட்டைப் பயன்படுத்தினால் 33 சதவீதத்தில் நிற்கும். கரைசலுக்கு மேலே ஒரு சல்லடைத்தட்டில் தேயிலையைப் பரப்பி, நாள்தோறும் நிறுத்துப் பார்த்தால், முதற்சாடியிலுள்ளது மூன்று சதவீதத்திலிருந்து பத்துச் சதவீதத்தை நோக்கி ஏறுவதையும், இரண்டாவதிலுள்ளது அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுவதையும் தராசே காட்டும். சாரீரப்பதனுக்கும் தேயிலையின் சேமிப்புக் காலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஜெயரட்ணம், கீர்த்திசிங்க ஆகியோரின் கட்டுரைகள் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் காலாண்டிதழில் 1974இல் வெளிவந்தன. அதே ஆண்டில் ஜி. வி. ஸ்டாக், கறுப்புத் தேயிலை சேமிப்பில் அடையும் வேதி மாற்றங்களைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார்.

சாடியிலிருந்து எடுத்த மாதிரிகள் இரண்டு வழிகளில் பரிசோதிக்கப்படுகின்றன. தியாஃபிளேவின், தியாரூபிஜின் அளவுகளைச் சாயம் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து கணிக்க, 1963இல் ராபர்ட்ஸும் ஸ்மித்தும் வெளியிட்ட முறை வழிகாட்டியது. மற்றொன்று மனித நாக்கு: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்ற சர்வதேச நியமத்தின்படி ஊற்றிய சாயத்தை, எந்த மாதிரி எந்தச் சாடியிலிருந்து வந்தது என்று அறியாமலே சுவைஞர் உறிஞ்சித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மலாவித் தேயிலையை வைத்து 1981இல் தன் முடிவுகளை வெளியிட்ட குளோலி என்பவர், வேதி அளவுகளோடு சுவைஞரின் மதிப்பீட்டையும் அவர்கள் இட்ட விலையையும் சேர்த்தே ஆராய்ந்தார். கருவியும் நாக்கும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் இத்துறையில் ஒரு முடிவு நம்பத்தக்கதாகிறது. கருவி மட்டும் சொன்னால் வணிகர் நம்பமாட்டார், நாக்கு மட்டும் சொன்னால் வேதியியலாளர் நம்பமாட்டார்.

அவ்வாறு கிடைத்த சித்திரம் பின்வருமாறு. உலர்த்தியிலிருந்து வந்த புதிதில் தேயிலையில் ஒரு பச்சைத்தன்மையும் முரட்டுத்தனமும் இருக்கும். முதற்சில வாரங்களில் அது தணிந்து சுவை இணக்கமடைகிறது. இந்தக் குறுகிய பதப்படலே ஊவாத் தேயிலைக்குக் காலம் செய்யும் ஒரே நன்மை. அதன்பின் தியாஃபிளேவின்கள் சிதைந்து, கூடுதலாகப் பிணைந்த, மங்கிய பழுப்புப் பொருள்களோடு சேர்ந்துவிடுகின்றன. சாயம் கறுக்கிறது, பளபளப்புக் குறைகிறது, உறைப்பு மறைகிறது. லினலூல் போன்ற மெல்லிய மணங்கள் ஆவியாகிப் போக, இலையிலுள்ள கொழுப்பமிலங்கள் ஒட்சியேறிப் பழைய எண்ணெயை ஒத்த நாற்றமுள்ள அல்டிகைட்டுகள் தோன்றுகின்றன. வெப்பம் இவற்றையெல்லாம் விரைவாக்குகிறது, ஈரம் அதைவிடவும் விரைவாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டின் முதுமை சில மாதங்களில் வந்துவிடுகிறது.

ஊவாத் தேயிலையின் பயணப்பாதையைப் பார்த்தால் இது ஏட்டுக் கணக்கல்ல என்பது புரியும். கடல்மட்டத்துக்கு 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில், கச்சான் அடிக்கும் நாளில் அடைக்கப்பட்ட தேயிலை, இந்தத் தீவின் மிக ஈரமான சூழல்களுள் ஒன்றுக்கு இறங்கிச் செல்கிறது. 1883 முதல் ஏலம் நடைபெற்றுவரும் கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை 27, 28 பாகையை ஒட்டியும், சாரீரப்பதன் பெரும்பாலும் 75 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். வேறு சொற்களில், கொழும்பு நகரமே கறியுப்புச் சாடிதான். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது பயணநாட்களைக் குறைத்ததே தவிர, கொழும்புப் பண்டகசாலையின் காற்றை மாற்றவில்லை. அந்தக் காற்றிலிருந்து தேயிலையைப் பிரித்துவைத்தது பொதிதான்: ஈயத்தாள் பதித்த மரப்பெட்டி முதலில், பின்னர் அலுமினியத்தாள் பதித்த ஒட்டுப்பலகைப் பெட்டி, இப்போது உட்புறம் ஈரம் புகாத படலம் கொண்ட பல்லடுக்குக் காகிதப்பை. தேயிலைப் பெட்டியின் வரலாறு என்பது பெரும்பாலும் அதன் உட்பூச்சின் வரலாறே.

யுன்னானின் செய்முறை இதை எல்லா வகையிலும் புரட்டிப்போடுகிறது. அங்கே கொழுந்து முதலில் சூடான வாணலியில் புரட்டப்படுகிறது. இதனால் ஒட்சியேற்றும் நொதியத்தின் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே அடங்கிவிட, கேட்டெகின்கள் தியாஃபிளேவின்களாக மாறாமல் அப்படியே தங்குகின்றன. பிறகு உருட்டப்பட்ட இலை உலர்த்தியில் அல்லாமல் வெயிலில் காய்கிறது, ஆதலால் ஈரம் பத்துச் சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆவியில் இளக்கி வட்டாக அழுத்தும்போது, வழக்கமான வட்டு 357 கிராம் எடையோடு வெளிவருகிறது. புதிய வட்டின் சாயம் கடுங்கசப்பும் துவர்ப்புமாக இருப்பதில் வியப்பில்லை, ஏனெனில் பொலிபீனோல்களில் பெரும்பகுதி இன்னும் தொடப்படவில்லை. ஊவாத் தொழிற்சாலை வேலையை முடித்து முத்திரையிடுகிறது. யுன்னான் வேலையைத் தொடங்கிவைத்து, மிச்சத்தைச் சேமிப்பறையிடம் ஒப்படைக்கிறது.

சேமிப்பறையில் அந்த மிச்சத்தை முடிப்பவை காற்றின் ஒட்சிசனும், ஈரம் போதுமான இடங்களில் நுண்ணுயிர்களும். கேட்டெகின்கள் மெல்லக் குறைந்து, தியாபிரவுனின்கள் எனப்படும் பெரிய பழுப்பு மூலக்கூறுகள் கூட, சாயம் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறித் துவர்ப்புத் தணிகிறது. பங்கசுகள், அதாவது பூஞ்சணங்கள், பொலிபீனோல்களிலிருந்து பிரியும் கலிக் அமிலத்தோடு மெதைல் தொகுதிகளை இணைத்து மெதொட்சிபென்சீன்களை உண்டாக்குகின்றன. பழைய மரப்பெட்டகத்தைத் திறந்தால் எழும் வாசனையை நினைவூட்டும் அந்த முதுமை மணம் பெரும்பாலும் இவற்றுடையது. இதையே விரைவாகச் செய்து முடிக்க, இலையைக் குவித்து நீர் தெளித்து வெப்பமேற விடும் முறையைக் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலை 1973இல் உருவாக்கியது. இக்குவியல்களை ஆராய்ந்தவர்கள் அஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சணத்தையும் சில வகை மதுவங்களையும் அவற்றில் மிகுதியாகக் கண்டிருக்கின்றனர்.

ஆகவே பூ-அர் எங்கே வைக்கப்படுகிறது என்பது அதன் செய்முறையின் ஒரு பகுதியே. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், குளிர்ந்தும் ஆண்டின் பாதியில் உலர்ந்தும் இருக்கும் குன்மிங்கில் கிடந்த வட்டு, பத்தாண்டுக்குப் பின்னும் மலர்மணத்தையும் கசப்பின் கூர்மையையும் ஓரளவு வைத்திருக்கும். ஆண்டுச் சராசரிச் சாரீரப்பதன் 80 சதவீதத்தை நெருங்கும் ஹொங்கொங்கின் பண்டகசாலையில் கிடந்த அதே வகை வட்டோ, அக்காலத்துக்குள் கறுத்து, மென்மையாகி, மண்வாசனையும் கற்பூரச் சாயலும் பெற்றிருக்கும். ஆனால் ஈரம் மிகுந்து வட்டின் மேல் கண்ணுக்குத் தெரியும் பூசணம் படர்ந்தால், அது முதுமையன்று, கெடுதலே. நச்சு உண்டாக்கும் பூஞ்சணங்களும் அந்த ஈரத்தையே விரும்புகின்றன. இரண்டுக்கும் இடையிலான கோடு சாரீரப்பதனில் சில சதவீதம்தான்.

முதிர்ந்த வட்டுகளைப் பற்றிய புகழுரைகளை ஒரு தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். சாடிச் சோதனையில் ஒரே தேயிலை பிரிக்கப்பட்டு வெவ்வேறு நிலைகளில் வைக்கப்படுகிறது. சந்தைக்கு வரும் பழைய வட்டுக்கு அத்தகைய துணை மாதிரி இல்லை, அது எத்தனை அறைகள் மாறியது என்ற பதிவும் பெரும்பாலும் இல்லை. விலையே சுவையை முன்கூட்டிச் சொல்லிவிடும் இடத்தில் நாக்கு நடுநிலையான சாட்சியாக இருப்பது கடினம்; 2007இல் பூ-அர் விலை ஊதிப்பெருத்து உடைந்தபோது வீழ்ந்தது சுவை அல்ல, எதிர்பார்ப்பு.

இந்த வேதியியலை வைத்து ஒரு கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்கலாம்: பூ-அர் வட்டு ஒன்று பண்டாரவளையில் கிடந்தால் என்ன ஆகும்? வடகீழ்ப் பருவமழை மாதங்களில் அது ஈரத்தை உறிஞ்சி நகரும், கச்சான் மாதங்களில் உலர்ந்து தூங்கும். விளைவு குன்மிங்கை ஒத்த மெதுவான முதிர்ச்சியாக இருக்கும் என்றே எதிர்பார்க்கலாம். கொழும்பில் வைத்தாலோ ஹொங்கொங்கைவிடவும் விரைவாக மாறும், பூசணத்தின் ஆபத்தும் அதற்கேற்பக் கூடும். ஊவாவின் கறுப்புத் தேயிலையைக் குன்மிங்குக்கு அனுப்பினால் அது சற்று மெதுவாக நலியும், அவ்வளவுதான். முதிர்வதற்கு அதனிடம் ஒட்சியேறாத கேட்டெகின் போதிய அளவு மிச்சமில்லை, இழப்பதற்கு மட்டுமே நிறைய இருக்கிறது.

ஈரம் ஏறிவிட்ட தேயிலையை மீண்டும் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று வீடுகளில் கருதப்படுவதுண்டு. மெல்லிய சூட்டில் வறுத்தால் நீர் போய்த் தூள் மொறுமொறுப்படையும், சேமிப்பு ஆயுளும் சிறிது நீளும். ஆனால் சிதைந்த தியாஃபிளேவின் மீண்டும் கூடுவதில்லை, அந்தச் சூட்டிலேயே மீந்த மணத்தில் ஒரு பங்கும் பறந்துவிடுகிறது. பூ-அருக்கு அந்த வழி ஓரளவு திறந்திருக்கிறது. ஈரப் பண்டகசாலையில் புழுங்கிய வட்டுகளை ஹொங்கொங் வணிகர்கள் உலர்ந்த, காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றிச் சில ஆண்டுகள் விட்டுவைப்பர். புழுக்க நாற்றத்தைத் தரும் ஆவியாகும் பொருள்கள் மெல்ல வெளியேற, ஆவியாகாத பெரிய பழுப்பு மூலக்கூறுகள் அப்படியே நின்று, சாயத்தின் கனத்தைக் காத்துக்கொடுக்கின்றன.